குடும்ப மருத்துவம் படித்துவிட்டு மலையிலும் இருந்துகொண்டு கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்க வழி உண்டா?

மலைக்காத்து:

வணக்கம். ஏற்காடு மலையில் ஒரு பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையம்) மெடிக்கல் ஆபீசராகச் சேர்ந்து இரண்டரை வருஷம் ஆகிறது. சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை, தறிக்காரக் குடும்பம். வீட்டில் நான்தான் முதல் டாக்டர் என்பதால் என் மேற்படிப்பு எங்கள் தெருவுக்கே பொது விவகாரம். இந்த வருஷ நீட் பிஜி மார்க் பரவாயில்லை ரகம். மலையில் வேலை பார்த்ததற்கு வரும் இன்சென்டிவ் மார்க்கையும் சேர்த்தால் ஜெனரல் மெடிசினோ மயக்கவியலோ கிடைக்கும் என்கிறார்கள். அப்பாவுக்கு ரேடியாலஜி மேல் ஆசை, நைட் டூட்டி கிடையாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கோ ஃபேமிலி மெடிசின், அதாவது குடும்ப மருத்துவத்தில் டிஎன்பி (தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுநிலைப் பட்டம்) எடுக்கலாமா என்று ஓடிக்கொண்டிருக்கிறது. வாயைத் திறந்து சொன்னேன். பெரியப்பா கேட்டார்: "எம்பிபிஎஸ் முடிச்சாலே குடும்ப டாக்டர்தானே கண்ணு? அதுக்கு மறுபடி மூணு வருஷமா?"

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் ஓபிக்கு ஒரு அம்மா மாதாமாதம் சுகர் மாத்திரைக்கு வருவார். மிளகு பறித்த கையோடு வருவார், கை கறுத்திருக்கும். பிள்ளைகள் எத்தனையாவது படிக்கிறார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். போன ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி அவர் கணவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயது நாற்பத்திரண்டு, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பிபி மேல் எண் 220. 108-ல் ஏற்றி இருபது கொண்டை ஊசி வளைவையும் இறக்கி சேலம் அனுப்பினோம். உயிர் பிழைத்தார், பேச்சு இன்னும் திரும்பவில்லை. அந்த மனிதருக்கு அதற்கு முன் யாரும் ஒரு தடவைகூட பிபி பார்த்ததில்லை. நானும்தான் பார்க்கவில்லை. அவர் மனைவி மாதாமாதம் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், "வீட்டுக்காரர் எப்படி இருக்கார்" என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தே பழகிவிட்டேன். வரிசைக்கே வராதவர்களைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதனால் என் கேள்வி இரண்டு. ஃபேமிலி மெடிசின் எடுத்தால் கல்லூரியில் ஆசிரியராக, பிற்பாடு ஒரு துறையையே நடத்துகிற அளவுக்குப் போக நம் ஊர்ப் பக்கம் வழி இருக்கிறதா? அப்படிப் போனவர்களால் மலைக்கு, குடிசைப் பகுதிக்கு, ஏதாவது உண்மையில் மாறியிருக்கிறதா, இல்லை அதுவும் இன்னொரு பெயர்ப்பலகைதானா? அனுபவம் உள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஜவ்வரிசி:

டாக்டர், நானும் சேலம்தான், செவ்வாய்ப்பேட்டை. டிஎன்பி ஃபேமிலி மெடிசின் முடித்துவிட்டு இப்போது வேறு மாநிலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் அதே துறையில் ஆசிரியராக இருக்கிறேன். "வேறு மாநிலத்தில்" என்பதிலேயே உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

முதலில் காகித விஷயம். டிஎன்பி இடங்கள் பெரும்பாலும் அகில இந்தியக் கவுன்சலிங்கில் வருபவை. நீங்கள் மலையில் சேர்த்து வைத்திருக்கிற இன்சென்டிவ் மார்க், அதிகபட்சம் 30 சதவீதம் வரை போகுமே, அது மாநிலக் கவுன்சலிங்கில்தான் செல்லும். எனவே ஃபேமிலி மெடிசின் எடுத்தால் அந்த மார்க்கை ஆற்றில் விட்டது மாதிரிதான், தெரிந்தே விடுங்கள். அடுத்தது, எங்கே டிஎன்பி செய்கிறீர்கள் என்பது. 2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் 37-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையிலோ 500 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையிலோ படித்த டிஎன்பி, எம்.டி.க்குச் சமம், ஆசிரியர் வேலைக்கும் சேர்த்து. அதைவிடச் சின்ன இடத்தில் படித்தால், ஆசிரியராவதற்கு ஒரு மருத்துவக் கல்லூரியில் கூடுதலாக ஒரு வருஷம் சீனியர் ரெசிடென்ட் வேலை பார்த்தாக வேண்டும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. 200 படுக்கை மருத்துவமனையில் சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தேன், அந்த ஒரு வருஷத்தைப் பிறகு கட்டினேன். வீட்டில் கல்யாணத் தேதி இரண்டு தடவை தள்ளிப் போனது, அது தனிக் கதை.

சிஎம்சி வேலூர் தொலைநிலையில் நடத்தும் குடும்ப மருத்துவப் படிப்பு பற்றி யாராவது சொல்வார்கள். நல்ல படிப்பு, மலையில் இருந்தபடியே படிக்கலாம், ஓபியில் உட்கார்ந்தால் மறுநாளே வித்தியாசம் தெரியும். ஆனால் அதை வைத்துப் பேராசிரியர் ஆக முடியாது.

இடம் எங்கே என்றால், எம்.டி. ஃபேமிலி மெடிசினைக் கேரளத்தில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி முதலில் கையில் எடுத்தது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தன. 2002, 2017 என்று இரண்டு தேசிய சுகாதாரக் கொள்கைகளிலும் இந்தத் துறை வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மருத்துவக் கல்லூரி நடத்த இன்னின்ன துறை கட்டாயம் என்ற பட்டியலில் அது இல்லை. பட்டியலில் இல்லாத துறைக்கு எந்த டீன் பணியிடம் கேட்டு ஃபைல் அனுப்புவார்? ஆகவே "துறையை நடத்துவது" என்றால் பல இடங்களில் துறையே இல்லாத இடத்தில் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு நர்ஸ் என்று கெஞ்சி வாங்கித் தொடங்குவது. நான் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வருஷம் என் துறையின் முகவரி ரேடியாலஜி பக்கத்துப் படிக்கட்டுக்குக் கீழே. (உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.)

கத்திக்காரன்:

நான் பொது அறுவை சிகிச்சை, சேலத்தில் முப்பது வருஷம். நேராகவே சொல்கிறேன், கோபப்படாதீர்கள் அம்மா. மலையிலிருந்தும், ஓமலூர், வாழப்பாடிப் பக்கம் கிராமங்களிலிருந்தும் சுகர் புண்ணோடு வருகிறவர்களுக்கு விரலும் பாதமும் எடுத்து எடுத்தே என் தலை நரைத்தது. அவர்களுக்குப் பட்டம் பெற்ற குடும்ப மருத்துவர் இல்லாததா குறை? செருப்பு இல்லை, பஸ் இல்லை, ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. இதற்கு எதற்கு ஒரு பேராசிரியர்? அரசாங்கம் பி.எச்.சி.க்கு ஒழுங்காக ஆள் போட்டு, மருந்து அனுப்பினால் போதும். மருந்து வாங்கி அனுப்ப 1994-லேயே இந்த மாநிலம் தனிக் கழகம் வைத்துக்கொண்டது. பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்ககம், 1939-லேயே தனிச் சட்டம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. இவ்வளவும் வந்தது ஃபேமிலி மெடிசின் பேராசிரியர்களாலா?

நீங்கள் மயக்கவியல் எடுங்கள். மலைக்குத் திரும்பி வந்தால் பிரசவ ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க ஆள் கிடைக்கும், உயிர்கள் பிழைக்கும். அது கண்ணுக்குத் தெரிகிற சேவை.

காப்பிப்பூ:

டாக்டரம்மா, நான் இந்த மலையிலேயே பிறந்தவள், மலையாளி. பள்ளிக்கூடத்தில் டீச்சர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு மலையாளம் தெரியாது. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையில் குடியேறியதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள், மலையில் இருப்பதால் மலையாளி, பேசுவது தமிழ். புதிதாக வருகிற டாக்டர்களில் பாதிப் பேர் "சுகமாணோ" என்று ஆரம்பிப்பார்கள். அதற்குச் சிரித்து முடித்து, அவர் எங்களைப் புரிந்துகொண்டு, நாங்கள் அவர் எழுத்தைப் புரிந்துகொள்வதற்குள் மாற்றல் ஆர்டர் வந்துவிடும். என் அம்மாவின் நோட்டில் ஏழு டாக்டர்களின் கையெழுத்து இருக்கிறது. ஏழு பேரும் நல்லவர்கள். ஏழு பேரும் முதல் நாளில் கேட்டது அதே கேள்வி: "எத்தனை வருஷமா சுகர்?"

எங்கள் ஆண்கள் ஏன் வருவதில்லை என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றீர்கள், நான் சொல்கிறேன். ஓபி காலையில். காலையில் எஸ்டேட்டில் பேர் கொடுத்தாக வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம், அதை ஒட்டியே மிளகு, அந்த மாதங்களில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, நோகாத உடம்பைக் காட்ட யார் வருவார்? பிபி நோகாது. பெண்களாவது கர்ப்பம், தடுப்பூசி என்று ஆஸ்பத்திரி வாசலை மிதித்துப் பழகியிருக்கிறார்கள். ஆண்கள் வருவது காட்டுமாடு முட்டினால், சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தால். மிளகுக் கொடி அந்த மரத்தில்தானே ஏறியிருக்கிறது, ஏணி சறுக்கும்.

இன்னொன்று. மாத்திரை வீட்டுக்கு வருகிறது, உண்மை, நல்ல விஷயம். கொண்டுவருகிற அக்கா எங்கள் ஊர்ப் பெண். ஆனால் மாத்திரை வருவது பேர் எழுதினவருக்கு. பேர் எழுத ஒரு தடவையாவது யாராவது பார்த்திருக்க வேண்டுமே. கத்திக்காரன் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

டீன் ஏஜ்:

குடும்ப மருத்துவம் என்றதும் ஞாபகம் வந்தது, நான் எம்பிபிஎஸ் மாணவன். எங்களுக்கு இப்போது பாடத்திட்டத்திலேயே குடும்பத் தத்தெடுப்பு உண்டு, 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்தது. ஆளுக்குச் சில வீடுகள், படிப்பு முடியும் வரை அந்த வீடுகளைக் கவனிக்க வேண்டும். கேட்க அருமையாக இருக்கும். எங்கள் கல்லூரியில் நடப்பது: பஸ்ஸில் போவோம், எடை, உயரம், பிபி, லாக் புத்தகத்தில் கையெழுத்து, ஒரு போட்டோ, வடை, திரும்பி வருவோம். என்னுடைய ஒரு வீட்டில் பாட்டிக்கு பிபி அதிகம், யாரிடம் சொல்வது என்று சாரிடம் கேட்டால் "ரிப்போர்ட்டில் எழுதுப்பா" என்றார். எழுதினேன். பாட்டிக்கு அந்த ரிப்போர்ட் போகவில்லை.

ஜவ்வரிசி:

டீன் ஏஜ் தம்பி சொன்ன பாட்டியில்தான் கத்திக்காரன் சாருக்கு என் பதில் இருக்கிறது. அந்த வீட்டை எழுதிவிட்டு வர ஆள் இருக்கிறது, பார்த்து முடிக்க ஆள் இல்லை. நான் பேசுகிற துறை அந்த இடைவெளிக்கானது.

சார், நீங்கள் சொன்ன செருப்பு, பஸ், கூலி எல்லாம் சரி. அதை மறுத்தால் நான் டாக்டரே இல்லை. ஆனால் அதைக் கணக்கெடுத்துச் சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். வேல்ஸ் நாட்டில் கிளின்கோர்க் என்று ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1961-ல் அங்கே போனார், கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். தன் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் பிபி பார்ப்பது என்று முடிவெடுத்தார். தலைவலி என்று வந்தவர்களுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும். வராதவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். இப்போது நமக்கு இது சாதாரணமாகத் தெரிகிறது, அந்தக் காலத்தில் எந்தக் குடும்ப டாக்டரும் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கிராமத்தில் உட்கார்ந்துதான் 1971-ல் லான்செட் இதழில் எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கையில் எவ்வளவு விடுகிறோமோ அவ்வளவு மோசமாகும் என்று. உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற விதி அது, ஒரு கிராம டாக்டரின் மேசையிலிருந்து வந்தது. சொல்லப்போனால் மலைக்காத்து டாக்டரின் மிளகு பறிக்கும் குடும்பத்தின் கதையும் அதே கதைதான், ஊர் மட்டும் வேறு.

பேராசிரியர் எதற்கு என்றால், அந்த ஒரு டாக்டர் ஓய்வு பெற்ற பிறகு அடுத்தவருக்கு அதே வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு. கனடாவில் இந்தத் துறைக்கு முதல் பேராசிரியர் இயன் மக்வின்னி. இங்கிலாந்தில் பதினாலு வருஷம் ஊர் டாக்டராக இருந்தவர், 1968-ல் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் போய்த் துறையைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1969-ல்தான் இது தனிச் சிறப்புத் துறை என்று ஒப்புக்கொண்டார்கள். அங்கேயும் அதுவரை உங்கள் பெரியப்பா கேட்ட கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் டாக்டர். நான் கவனித்த வரை, உருப்படியாக வந்த துறைகளின் தலைவர்கள் முதலில் நோயாளியோடு பல வருஷம் உட்கார்ந்து எழுந்தவர்கள். நேராக நாற்காலிக்கு வந்தவர்கள் நடத்தும் துறை எப்படியிருக்கும் என்றும் பார்த்திருக்கிறேன். கருத்தரங்கு நன்றாக நடக்கும்.

கூலி, சோறு பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் ஒரு ஆள். ஜாக் கெய்கர், அமெரிக்க டாக்டர். தென்னாப்பிரிக்காவில் போலேலா என்ற இடத்தில் சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதி நடத்திய சுகாதார நிலையத்தில் மாணவராக இருந்து கற்றுக்கொண்டு போனவர். 1960-களில் மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட் பாயூ என்ற கறுப்பின மக்கள் ஊரில் சுகாதார மையம் தொடங்கினார். பிள்ளைகள் பட்டினியில் வற்றிக் கிடந்தார்கள். மருந்துச் சீட்டில் பால், காய்கறி, இறைச்சி என்று எழுதிக் கொடுத்தார், மளிகைக் கடைக்காரர் கொடுத்துவிட்டு மையத்தின் மருந்துக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டார். மேலிடத்திலிருந்து வந்து கேட்டார்கள், மருந்துப் பணத்தில் எப்படிச் சோறு வாங்கலாம் என்று. ஊட்டக் குறைவுக்கு மருந்து சோறுதான் என்று என் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றார். பிறகு அந்த ஊர்க்காரர்களே கூட்டுறவுப் பண்ணை வைத்துக் காய்கறி விளைவித்தார்கள். இவர் பிற்பாடு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராகவும் இருந்தவர், சார். சோற்றைப் பற்றிப் பேசியதற்காகப் பதவி குறைந்துபோகவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரக் கதை என்று தோன்றினால் அரூர் வழியாகச் சித்தேரி மலைக்குப் பின்னால் சிட்டிலிங்கி போய் வாருங்கள், சேலத்திலிருந்து ஒரு காலைப் பயணம். டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி, 1990-களின் தொடக்கத்தில் அங்கே போய் ஒரு குடிசையில் ஆரம்பித்தார்கள். ஒருவர் மயக்கவியல், ஒருவர் மகப்பேறு. (கத்திக்காரன் சார் சந்தோஷப்படலாம், மயக்கவியல் உண்டு.) ஆனால் அவர்கள் வேலையில் பாதி, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களைப் பயிற்றுவித்து அவர்களையே வீடு வீடாகப் போக வைத்தது. பட்டத்தின் பெயர் என்னவாக இருந்தாலும் அவர்கள் செய்தது குடும்ப மருத்துவம்தான்.

கத்திக்காரன்:

சிட்டிலிங்கி எனக்குத் தெரியும் தம்பி, போயிருக்கிறேன். அவர்கள் அங்கேயே குடியிருந்தார்கள், பிள்ளைகளை அங்கேயே வளர்த்தார்கள். உங்கள் துறையில் படித்து வெளியே வருகிற பத்துப் பேரில் எத்தனை பேர் அப்படி இருப்பார்கள்? ஒன்பது பேர் பெரிய ஊர் கார்ப்பரேட் மருத்துவமனையில் ஏசி அறையில் "ஃபேமிலி பிசிஷியன்" பலகைக்குக் கீழே உட்கார்ந்து மாஸ்டர் ஹெல்த் செக்கப் பார்ப்பார்கள். உங்கள் வேல்ஸ்காரர் சொன்ன விதி உங்கள் துறைக்கே பொருந்தும்.

ஜவ்வரிசி:

பொருந்தும் சார். என் பேட்ச்சில் எட்டுப் பேர், மூன்று பேர் நீங்கள் சொன்ன பலகைக்குக் கீழே. இருவர் வெளிநாடு. அதை நான் மறைக்கப் போவதில்லை.

அதனால்தான் நான் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். கல்லூரித் துறை என்றால் அதன் கையில் ஊர் இருக்க வேண்டும். இத்தனை வீடு, இந்தத் தெரு, இந்த மலைக்கிராமம், இதில் இருப்பவர் எல்லோருடைய பிபியும் சுகரும் எங்கள் பொறுப்பு என்று. வேலூரில் சிஎம்சி தொடங்கியதே ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் வைத்திருந்த ஒற்றைப் படுக்கையிலிருந்துதான். பிறகு வண்டி கட்டிக்கொண்டு சாலையோரம் நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்த்துக்கொண்டே 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். அந்த வாடை இன்னும் அங்கே இருக்கிறது. ஊருக்குள்ளேயே ஏழைகளுக்கென்று குறைந்த செலவில் பார்க்கும் தனி மருத்துவமனை வைத்திருக்கிறார்கள், அங்கே குடும்ப மருத்துவம் பயிலலாம். நான் படிக்கட்டுக்குக் கீழே இருந்த துறையை வெளியே கொண்டுவந்ததும் இப்படித்தான். மூன்றாம் வருஷம் ஒரு குடிசைப் பகுதியை எங்கள் துறையின் பொறுப்பு என்று எழுதி வாங்கினேன். என் முதுநிலை மாணவர்களுக்கு வாரம் இரண்டு நாள் அங்கேதான் வேலை. தேர்வில் நான் கேட்கும் முதல் கேள்வி: உன் தெருவில் இந்த வருஷம் ஒரு தடவைகூட உன்னிடம் வராதவர்கள் யார், ஏன்? பெயரோடு சொல்ல வேண்டும். முதல் வருஷம் யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறார்கள், ஒரு பையன் போன மாதம் சாராயக் கடைப் பின்பக்கம் வரைக்கும் போய்ப் பட்டியல் எடுத்து வந்தான், திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியவில்லை.

மலைக்காத்து டாக்டர், உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் என் பதில். துறைத் தலைவர் பதவியால் மலைக்கு ஒன்றும் வந்துவிடாது. உங்களுக்குப் பிறகு வருகிற எட்டாவது டாக்டர் முதல் நாளில் "எத்தனை வருஷமா சுகர்" என்று கேட்காமல் இருக்கிற மாதிரி ஒரு பதிவையும் பழக்கத்தையும் விட்டுப் போக முடிந்தால் வரும். அதைத் தனி ஆளாகச் செய்தால் மாற்றலோடு போய்விடும். கல்லூரியோடு கட்டிப்போட்டால் வருஷா வருஷம் புது மாணவன் வருவான். சேலத்தில் 1986-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மலை கண்ணுக்கு எதிரே நிற்கிறது. துறை இல்லையென்றால் சமூக மருத்துவத் துறையோடு சேர்ந்து செய்யலாம், எம்பிபிஎஸ் மாணவர்களின் தத்தெடுப்பு வீடுகளை உங்கள் பி.எச்.சி. கிராமங்களில் கேட்டு வாங்கலாம். அதற்கு டிஎன்பி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

டீன் ஏஜ்:

மலைக்காத்து மேடம், அப்படி வந்தால் எங்கள் பேட்ச்சை மலைக்குப் போடச் சொல்லுங்கள். வடை மலையில் நன்றாக இருக்கும்.

மலைக்காத்து:

எல்லோருக்கும் நன்றி. நாலு நாள் பதில் போடவில்லை, கோபித்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம், ஜவ்வரிசி சார் கேட்ட தேர்வுக் கேள்வியை எனக்கே கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வில்லேஜ் நர்ஸ் அக்காவோடு உட்கார்ந்து ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொண்டோம். குடும்பப் பதிவேட்டில் முப்பது வயதைத் தாண்டிய ஆண்கள் 61 பேர். எங்கள் ஓபி நோட்டிலும் மாத்திரைப் பட்டியலிலும் தேடினால் 19 பேர் தட்டுப்பட்டார்கள். மீதி 42 பேரில் பாதிப் பேரை அக்காவுக்குப் பெயர் சொல்லித் தெரியும், "அவனா, அவன் ஊசின்னா ஓடுவான் மேடம்" என்கிறார். எனக்கு ஒருவரைக்கூடத் தெரியாது. இரண்டரை வருஷம்.

கத்திக்காரன் சார், மயக்கவியல் பற்றி நீங்கள் சொன்னது மனதில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தேவை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த 42 பேரை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. கவுன்சலிங்கில் முதல் விருப்பமாக ஃபேமிலி மெடிசின் போடுகிறேன், 500 படுக்கைக்கு மேலே உள்ள இடங்களாகப் பார்த்து. கிடைக்காவிட்டால் ஜெனரல் மெடிசின். அப்பா இரண்டு நாளாகத் தறியோடு மட்டும் பேசுகிறார். அம்மா மட்டும் கேட்டாள், "அப்ப என் முட்டி வலிக்கும் நீயே பாப்பியா, இல்ல அதுக்கு வேற டாக்டரா?" நானே பார்ப்பேன் என்றேன்.

காப்பிப்பூ டீச்சர், உங்களிடம் ஒரு உதவி. சாயங்கால நேரத்தில், எஸ்டேட் விட்ட பிறகு, ஏதாவது ஒரு பொது இடத்தில் பிபி பார்க்க உட்கார முடியுமா?

காப்பிப்பூ:

தாராளமாக வாங்க. பள்ளிக்கூடத் திண்ணை இருக்கிறது, ஹெட்மாஸ்டரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். ஆறு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன் வந்தால் ஆள் இருக்காது. சனிக்கிழமை வேண்டாம், கூலி வாங்கிய கையோடு வேறு பக்கம் போய்விடுவார்கள். செவ்வாய் நல்லது. பிபி பார்க்கிறோம் என்று சொல்லாதீர்கள், கேரம் போர்டு எடுத்து வைக்கிறேன், அவர்களாக வருவார்கள். நர்ஸ் அக்காவைக் கட்டாயம் கூட்டி வாருங்கள், ஊசிக்கு ஓடுகிறவனை அவர்தான் பிடிப்பார். மெஷினுக்கு இரண்டு செட் பென்சில் செல் கொண்டுவந்துவிடுங்கள். போன கேம்ப்பில் பாதியில் நின்றுவிட்டது, இங்கே கடையில் கிடைக்காது.